மாரி என்றால் வா

தலவாக்கலையில் ஏறும்போது மழை.
இதல்கஸ்ஹின்ன சுரங்கத்துக்கு அப்பால்
கண்கூசும் வெயில்.
ஒரு மலைக்கு இரண்டு முகம் என்றார்
பக்கத்துச் சீட்டுக்காரர்.
நான் மடியிலிருந்த பையையே பார்த்துக்கொண்டிருந்தேன்:
ஒரு பட்டுச்சேலை, அரைப்பவுன் மோதிரம்,
வைப்பதா வேண்டாமா என்று
விடியும்வரை யோசித்துக் கடைசியில் வைத்த
வெற்றிலை பாக்கு.

பண்டாரவளை. ஸ்டேசனுக்கு மேலே மண்டபம்.
வாசலில் கறுப்புத் தொப்பிக்காரர் ஒருவர்
பன்னீர் தெளித்துக்கொண்டே
"மாரி, மாரி" என்றார்.
எனக்கு மழை ஞாபகம் வந்தது,
அப்புறம் தோட்டத்துக் கோயில்.
மாரி என்றால் வா என்று அர்த்தமாம்.
வந்தேன்.

எந்தப் பக்கம் என்று கேட்டாள் பட்டியல் வைத்திருந்த பெண்.
பொண்ணோட பக்கம்.
விரல் ஓடி நின்றது:
கு. தவமணிநாதன், எட்டாம் மேசை.
இருபத்து மூன்று வருடம்.
அந்த வீட்டில் யாரோ
என் இனிஷியலைப் பிழையில்லாமல் வைத்திருக்கிறார்கள்.
அந்தக் 'கு.' ஒரு காலத்தில்
அக்காவின் பெயருக்கு முன்னாலும் நின்றது.

அவர் பெயர் துவான் நிஸ்தார். ஃபெக்டரியில் டீமேக்கர்.
துவான் என்றால் துரை என்று
யாரோ அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.
"பேர்லயே தொரை இருக்கிறவன்
லயத்துப் பொண்ண எதுக்குக் கட்டணும்?"
அவ்வளவுதான் கேட்டார்.
பிறகு எதையும் கேட்கவில்லை,
அவளைப் பற்றி.

எட்டாம் மேசையில்
நாசி கோரெங், பாபத் கறி, மூக்கில் ஏறும் அச்சாறு.
பக்கத்தில் ஓய்வுபெற்ற ஸார்ஜன்ட் ஒருவர்,
எதிரே சண்டைபோடும் மூன்று பிள்ளைகள்.
ஒரு சொல்லும் விளங்கவில்லை.
ஆனாலும் எங்கே மூச்சு விடுவார்கள் என்று
முன்கூட்டியே தெரிந்தது.
வினை கடைசியில் வந்து உட்காருகிறது,
நம்மைப்போலவே.
"ஊருக்கு என்று நீங்க பின்னால 'கு' போடுறீங்க,
நாங்க 'நங்' போடுறோம்" என்றார் ஸார்ஜன்ட்.
"சாமான் வேற. கட்டுற கயிறு ஒண்ணு."
சொல்லிவிட்டு எனக்கு இன்னும் கொஞ்சம் பாபத் வைத்தார்.

அப்பா செத்த அன்று
அவளுடைய நம்பர் என் சட்டைப்பையில் இருந்தது.
தபால் கந்தோர்வரை நடந்தேன்.
வெளியே ஒரு நாய் படுத்திருந்தது, அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
திரும்பி வந்து
லைன் கிடைக்கவில்லை என்றேன்.
யாரும் சந்தேகப்படவில்லை.
மலையில் லைன் கிடைக்காதுதானே.

அக்கா மேசைக்கு வந்தாள்.
தலையைச் சுற்றி வெள்ளி நூல் முக்காடு,
நடை மட்டும் கொழுந்துக்கூடை சுமந்த அதே நடை.
எப்படி இருக்கே என்று கேட்கவில்லை.
"ஒனக்கும் சீனி ஏறிருச்சா? வட்டிலப்பம் ஒரு கரண்டிதான்."

மேடையில் இஸ்னியா.
அவள் பிறந்தது எனக்குத் தெரியும்,
எந்த மாதம் என்று தெரியாது.
மைக்கில் பெண்ணின் மாமா என்று அறிவித்தார்கள்.
பையோடு ஏறினேன்.
என்ன சொல்லிக் கொடுப்பது?
தாய்மாமன் சீர் என்றால் இங்கே யாருக்கு விளங்கும்?
அவள் சேலையை வாங்கி
பொன்ஜரிகை உடுப்பின் மேலேயே
தோளில் போட்டுக்கொண்டு
"இது எங்க மாமா தந்தது" என்று
மாப்பிள்ளையிடம் தமிழிலேயே சொன்னாள்.

பைக்குள் மிஞ்சியிருந்ததை அக்காதான் கண்டுபிடித்தாள்.
கேக்குக்குப் பின்னால் ஒதுங்கி
ஒரு வெற்றிலையின் நுனியைக் கிள்ளிப் போட்டாள்,
காம்பைக் கிள்ளினாள்,
நரம்பு உரித்தாள்.
"சுண்ணாம்பு எங்கடா?"
"மறந்துட்டேன்."
வெற்றிலையை அப்படியே மடித்து வாயில் வைத்தாள்.
மென்றுகொண்டு,
என்னைப் பார்க்காமல்,
"நீ எப்பவும் ஒண்ண மறந்துருவ" என்றாள்.

படக்காரர் கூப்பிட்டார்.
உயரமானவர்கள் பின்னால்.
நான் பின்னால் போனேன்.
என் முழங்கையைப் பிடித்து
அவள்தான் முன்னுக்கு இழுத்தாள்,
கொஞ்சம் வலிக்கிற மாதிரி.